விசிறிப் படகும் வேடிக்கைப் பயணமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பார்ப்பது வேறு; அறிவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிவிடுவதால்தான், சுற்றுலா என்ற பெயரில் பத்து இடங்களுக்குப் போய்வந்தும், ஓர் இடத்தையேனும் அறியாதவர்களாக நாம் வீடு திரும்புகிறோம். இக்கருத்தை விளக்கக் கடல் கடந்த ஒரு சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் எவர்கிளேட்ஸ். அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் அது பரந்து கிடக்கிறது. நான் அங்குச் சென்றதில்லை. செல்வதற்கான வசதியும் இப்போதைக்கு இல்லை. ஆயினும் அங்கு நடக்கும் சுற்றுலாவைப் பற்றிப் படித்ததும், கைப்பேசியில் படமாகப் பார்த்ததும் என்னுள் சில கேள்விகளை எழுப்பின. நம் விடுதி நண்பர்களில் பலரும் அப்படங்களைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். வியப்பு நல்லதே, ஆனால் வியப்போடு நின்றுவிடலாமா என்பதே என் கேள்வி.

பயணம் எப்படிப்பட்டது?

மயாமி நகரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து புறப்படுகிறது. சாலையோரத்துப் படகுத்துறையில் பயணிகளை இறக்குகிறார்கள். அங்கே 'ஏர்போட்' எனப்படும் விசிறிப் படகு காத்திருக்கிறது. அதில் ஏறி, பச்சைப் புல்வெளி போலத் தோன்றும் நீர்ப்பரப்பின் மேல் சிறிது நேரம் பறந்துவிட்டுக் கரை திரும்பினால், பக்கத்திலேயே ஒரு விலங்குப் பூங்கா. அங்கே ஒரு பணியாளர் முதலையின் வாயைத் திறந்து காட்டுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. குட்டி முதலையைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் அரை நாளில் முடிந்துவிடும்.

அந்தப் படகின் அமைப்பு வியப்பிற்குரியதுதான். அடிப்பாகம் தட்டையானது. விமானத்துக்கு உரியது போன்ற பெரிய விசிறி ஒன்று பின்புறத்தில் கம்பிக் கூண்டுக்குள் சுழலும். அது காற்றைப் பின்னே தள்ள, படகு முன்னே பாய்கிறது. நீருக்குள் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால் சாண் ஆழ நீரிலும், நாணற் புதரின் மேலும் அது வழுக்கிச் செல்லும். தடைக்கருவி கிடையாது, பின்னோக்கிச் செலுத்தவும் இயலாது. 1930களில் தவளை பிடித்து விற்றுப் பிழைத்த ஃபுளோரிடா மக்கள், கிடைத்த பழைய இயந்திரங்களைக் கொண்டு உருவாக்கிக்கொண்ட ஊர்தி இது. ஏழையின் உழைப்புக் கருவியாகப் பிறந்தது, இன்று பயணியின் களியாட்டக் கருவியாகிவிட்டது. ஓசையோ பெரிது. பயணிகளின் காதுகளுக்கு அடைப்பான் கொடுக்கிறார்கள். காதை அடைத்துக்கொண்டு காட்டைக் காணச் செல்வது என்ன முறை?

காணாமல் போகும் ஆறு

எவர்கிளேட்ஸ் ஒரு சேற்றுக் குட்டை அன்று. அது ஓர் ஆறு. ஒக்கிச்சோபி என்னும் பேரேரியிலிருந்து வழிந்த நீர், முற்காலத்தில் ஏறத்தாழ 60 மைல் அகலத்தில், 100 மைல் நீளத்துக்கு மெல்லிய தகடு போலப் பரவித் தெற்கே கடலை நோக்கி ஊர்ந்தது. நிலத்தின் சரிவு மைலுக்கு ஏறத்தாழ இரண்டே அங்குலம். அதனால் அங்கே நீர் ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்னும் அம்மையார் 1947 ஆம் ஆண்டு தாம் எழுதிய நூலின் பெயரிலேயே இதனைப் 'புல்லாறு' என்று குறித்தார். அதே ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா தொடங்கிவைக்கப்பட்டது.

அந்தப் 'புல்' உண்மையில் புல் அன்று என்பதைத் தாவரவியல் மாணவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். அது சைப்பரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது நம் கோரைக்கு உறவு. அதன் ஓரத்தில் அரத்தின் பல் போன்ற கூர்முனைகள் உண்டு, கையை அறுத்துவிடும். எங்கள் வீட்டில் கோரைப் பாய் நெய்வது பரம்பரைத் தொழில். கோரைத் தண்டு மூன்று பட்டை உடையது என்று வகுப்பில் படித்தபோது, எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை. அதைக் கீறிக் காயவைக்கும் என் தாயாரின் விரல்களுக்கு அது நெடுநாளாகவே தெரியும். ஆகவே, பல இலட்சம் ஏக்கர் கோரை நிலத்தை 'இங்கே பார்க்க ஒன்றுமில்லை' என்று ஒரு படகு தாண்டி ஓடும்போது, எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. விரைவில் செல்பவருக்கு அது வெறும் பச்சை. முதலை தலைகாட்டும் இடத்தில் மட்டுமே படகு நிற்கிறது.

முதலை எதற்காக?

பூங்காவின் சிமெண்டுத் தொட்டியில் படுத்திருக்கும் முதலையைக் கண்டு, 'எத்தனை கொடிய பிராணி!' என்று நினைத்துத் திரும்புவோர் பலர். சதுப்பில் அதன் வேலை வேறு. அலிகேட்டர் என்னும் அந்த அகன்ற மூக்கு முதலை, தன் வாயாலும் காலாலும் வாலாலும் சேற்றைத் தள்ளிக் குழி பறிக்கிறது. வறட்சிக் காலத்தில் சுற்றிலும் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அக்குழிகளில்தான் நீர் தங்குகிறது. மீனும் ஆமையும் நத்தையும் அங்கே ஒதுங்குகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. சில உயிர்கள் முதலைக்கு இரையாவது உண்மை. ஆனால் எஞ்சியவை மழை வந்ததும் மீண்டும் சதுப்பெங்கும் பரவுகின்றன. நம் ஊரில் ஏரி வற்றும்போது மடுவில் மீன் தங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் தொட்டி முதலை குழி பறிப்பதில்லை. குழி பறிக்காத முதலையைப் பார்த்தவர், முதலையைப் பாதிதான் பார்த்தார் எனலாம்.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த இம்முதலை 1967 ஆம் ஆண்டு அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சட்டம் காத்தது, இனம் பெருகியது, 1987 ஆம் ஆண்டு அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முதலையைக் காத்தது வேடிக்கையன்று, வேட்டைத் தடையே என்பது இதனால் விளங்கும்.

பூங்காக் காட்சிகளின் இன்னொரு கேட்டையும் சொல்லவேண்டும். கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுப்பதும், ஆசைக்காக அதை வாங்கி வீட்டில் வளர்ப்பதும் ஒரே மனப்பான்மையின் இரண்டு முகங்கள். நம் மலைப்பாம்புக்கு நெருங்கிய உறவான பர்மா மலைப்பாம்பு, செல்லப்பிராணி வாணிகத்தின் வழியே ஃபுளோரிடாவுக்குள் நுழைந்தது. வளர்ந்ததும் அஞ்சிச் சதுப்பில் விட்டவர்கள் உண்டு. 1992 ஆம் ஆண்டுப் பெரும்புயலில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையும் உண்டு என்பர். 2012 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அப்பாம்புகள் நெடுநாள் குடியேறிய பகுதிகளில் ரக்கூன் என்னும் சிறு விலங்கைக் காண்பது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறிற்று. அதே ஆண்டில்தான் அப்பாம்பின் இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது. வேடிக்கையாகத் தொடங்கியது ஒரு காட்டையே வெறுமையாக்கிவிட்டது.

காட்டப்படாத காட்சி

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பயணி எந்தச் சாலையில் வந்தாரோ, அந்தச் சாலையே எவர்கிளேட்சின் துன்பத்துக்கு ஒரு காரணம். 1928 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த டாமியாமி நெடுஞ்சாலை, தெற்கே பரவவேண்டிய நீரைக் குறுக்கே நின்று தடுக்கும் அணைபோல் ஆயிற்று. 1948க்குப் பின் வெள்ளத் தடுப்புக்கென்று கால்வாய்களும் கரைகளும் மதகுகளும் பெருகின. ஏரிக்குத் தெற்கே சதுப்பு வடிக்கப்பட்டுக் கரும்புத் தோட்டமாயிற்று. பழைய சதுப்பில் ஏறத்தாழப் பாதி மறைந்தது. வயல்களிலிருந்து வடிந்த பாஸ்பரஸ் சத்து, கோரையை அழித்துச் சம்புப் புதரை வளர்த்தது. கொக்கும் நாரையும் கூடு கட்டுவது பெரிதும் குறைந்தது. 1979 ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்ட இடம், 1993 ஆம் ஆண்டும், பின் மீண்டும் 2010 ஆம் ஆண்டும் ஆபத்துக்குள்ளான மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

தவற்றைத் திருத்தும் பணியும் நடைபெறாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டு சதுப்பை மீட்கும் பெருந்திட்டத்துக்கு அமெரிக்கப் பேரவை இசைவளித்தது. 2013 ஆம் ஆண்டு அந்த நெடுஞ்சாலையில் ஒரு மைல் நீளத்துக்குப் பாலம் கட்டி, நீர் அடியில் செல்ல வழி விட்டார்கள். பிறகு மேலும் பாலங்கள் எழுந்தன. சாலை போட்டு அடைத்ததைத் திறக்க எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன! இந்தக் கதையில் இல்லாத சுவையா முதலையின் வாய்க்குள் இருக்கிறது? ஆனால் அப்பாலத்தைக் கடக்கும் பயணிகளில் எத்தனை பேர் அதன் கீழே ஓடும் நீரை எண்ணிப் பார்க்கிறார்கள்?

மறுப்பும் விடையும்

'காணாத ஒன்றை எவன் காப்பான்? குழந்தைகளும் முதியோரும் நடந்து செல்ல முடியாத சதுப்பைப் படகாவது காட்டுகிறதே' என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. படகை ஓட்டியும், அங்காடி வைத்தும் வாழும் குடும்பங்களும் உண்டு. செமினோல், மிக்கசூக்கி என்னும் பழங்குடி மக்கள், வேட்டையும் வாணிகமும் குன்றியபோது முதலைக் காட்சி நடத்தியே வாழவேண்டிய நிலைக்கு ஆளானவர்கள். வயிற்றுப்பாட்டை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆகவே படகைத் தடைசெய் என்று நான் சொல்லவில்லை. பூங்காவின் பெரும்பகுதியில் இப்படகுகளுக்கு ஏற்கெனவே இடமில்லை. 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 1,09,000 ஏக்கர் கிழக்குப் பகுதியில்தான் அவை கட்டுப்பாட்டோடு ஓடுகின்றன.

நான் சொல்வது இதுதான்: காட்டுகிறவர் முழுதும் காட்டவேண்டும். படகுத் துறைக்கு முன்பாக மதகைக் காட்டட்டும். நடுச்சதுப்பில் இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடமேனும் அமைதியைக் கேட்கச் செய்யட்டும். முதலையோடு மல்லுக்கு நிற்பதை விட்டு, முதலை பறித்த குழியைக் காட்டட்டும். இது நடக்காத காரியமும் அன்று. அதே பூங்காவில் வனக்காவலர்கள் பயணிகளின் கையில் ஒரு கோலைக் கொடுத்து, முழங்கால் நீரில் மெல்ல நடத்திச் செல்லும் பயணமும் உண்டு. சென்றவர்கள் சேற்றோடு திரும்புகிறார்கள், அறிவோடும் திரும்புகிறார்கள்.

நமக்கு என்ன?

'அமெரிக்காக் கதை நமக்கு எதற்கு?' என்பீர்கள். சதுப்பை வீண் நிலம் என்று கருதும் நோய் எல்லா நாட்டிலும் உண்டு. 1850 ஆம் ஆண்டு அமெரிக்கா, சதுப்பை வடித்துப் பயன்படுத்துக என்று மாநிலங்களுக்கு வழங்கச் சட்டமே இயற்றியது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் நகரத்தின் குப்பை மலையாய்க் கொட்டப்பட்டது; 2022 ஆம் ஆண்டுதான் அது ராம்சார் பட்டியலில் ஏறியது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஆற்றோரத் தாழ்நிலத்தைப் பார்க்க, படித்த பெரியவர் ஒருவர் வந்தார். வண்டியிலிருந்து இறங்காமலே, 'இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே' என்றார். மழைநீர் அங்கே எத்தனை நாள் நிற்கும், எந்தப் பறவை எப்போது வரும், எந்தக் கோரை எந்த மண்ணில் நீளும் என்பதெல்லாம் என் தந்தையாருக்குத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் பேசும் துணிவு அவருக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பெறும் பட்டம் அந்தப் பெரியவரின் பார்வையை எனக்குக் கொடுக்குமானால், என்னைப் படிக்கவைக்க நெய்த பாய்களெல்லாம் வீண். என் தந்தையாரின் அறிவுக்கு ஒரு சொல்லும் சான்றும் கொடுக்குமானால், அதுவே கல்வி.

ஆதலின் நம் துறைகளின் களப்பயணம் பற்றி ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு நாளில் ஆறு இடம் என்று ஓடவேண்டாம். கட்டணம் கட்ட இயலாமல் வகுப்பில் சிலர் நின்றுவிடும் தொலைதூரப் பயணத்தைவிட, எல்லாரும் வரக்கூடிய அருகிலுள்ள ஏரிக்கரையில் ஒரு முழு நாள் தங்குவது மேல். பிச்சாவரம் போனாலும் துடுப்புப் படகில் ஏறுவோம். சுரபுன்னையின் வேரைப் பார்ப்பதோடு, படகு வலிப்பவரிடம் நீரின் ஏற்ற இறக்கத்தைக் கேட்போம். களக்குறிப்பேட்டில் செடியின் பெயரோடு, அச்செடியைப் பயன்படுத்தும் மக்களின் சொல்லையும் எழுதுவோம். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் தடுப்பது எது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும் வரை பேருந்தில் ஏறாதிருப்போம். அடுத்த ஆண்டுப் பயணத்திட்டத்தை வகுக்கும் முன் துறைதோறும் இதனை ஆராய்ந்து முடிவு செய்வார்களாக!