தறியை விட்டு ஆறு வருடம், சத்தம் விடவில்லை

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முடிந்து வெளியே வந்ததும், பரிசோதித்த பெண் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "தறி ஓட்டினீங்களாங்க?" என்று கேட்டார்.

ஓரளவு நேராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறியிருந்தது. வருடக்கணக்கில் இரைச்சலில் நின்றவர்களின் காது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தானாம்.

சுல்தான்பேட்டை பக்கம் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டினேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஆளுக்கு எட்டுத் தறி. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் இடிப்பது ஒரு தறிக்கே நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். எட்டுத் தறிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே தகரக் கூரை வேறு. உள்ளே யாரும் வாயால் பேச மாட்டோம். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் காது அடைத்துக் கிடக்கும், காலையில் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இப்போது கிணத்துக்கடவில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். தறியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. வலது காதில் சில்வண்டு, இடது காதில் விசில் வருவதற்கு முந்தைய குக்கர் சீறல். இருபத்து நான்கு மணி நேரமும். பகலில் கடை சத்தத்தில் அமுங்கிக் கிடக்கும். ராத்திரி ஊர் அடங்கியதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மகள் வயிற்றுப் பேத்தி "அப்புச்சி, ஒரு ரகசியம்" என்று காதோரம் வந்து கிசுகிசுப்பாள். மூச்சுக்காற்றின் சூடு தெரியும், வார்த்தை தெரியாது.

மருத்துவர் விளக்கியது இதுதான். உட்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் பிறக்கும்போது ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கும். செத்தால் மறுபடி முளைக்காது. அங்கிருந்து செய்தி வராததால் மூளை தானே வால்யூமைக் கூட்டுகிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் இரைச்சல் வருமே, அந்த மாதிரி.

அடியோடு நிறுத்த மருந்து இல்லை. சொட்டு மருந்து, எண்ணெய் என்று நான் செலவழித்த பணத்தை வேறு யாரும் செலவழிக்க வேண்டாம். காதுக்கருவி மாட்டிய பிறகு பாதி அமுங்கியது. ராத்திரி மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், மார்கழியிலும். ஆரம்பத்தில் சத்தத்துக்குப் பயந்து நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தேன். அது தப்பு. அமைதி கூடக்கூட உள்ளிருக்கும் இரைச்சல்தான் பெரிதாகும். ஜமாப் மேளம் அடிக்கும் கல்யாணத்திலும் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலும் மட்டும் நுரை அடைப்பான் போட்டுக்கொள்கிறேன். பஞ்சு போதாது. எங்கள் ஊர்ப் பொன்மலை வேலாயுதசுவாமியைப் பார்க்கவும், சத்தம் கூடுவதற்குள், விடிவதற்கு முன்பே படியேறிவிடுவேன். ஒன்று மட்டும்: திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ, அன்றைக்கே காது மருத்துவரிடம் ஓடுங்கள். தறிக்காரன் காதுதானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது என் காதுக்காக இல்லை. நம் தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாம், 100 என்றால் இரண்டு மணி நேரம்தான். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். அந்த மாதிரி இரைச்சலில் நாங்கள் நின்றது பன்னிரண்டு மணி நேரம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு தொழில்நோயாக இருந்தது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் தறிக் கொட்டகை அந்தச் சட்டத்தின் கணக்குக்குள் வந்ததில்லை. விரல் போனால் ஊரே பார்க்கும், நஷ்டஈடு பேசுவார்கள். காது போனால் "அவருக்குக் கொஞ்சம் மந்தமுங்க" என்பதோடு முடிந்துவிடும்.

கொட்டகைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை அரசு இலவச மின்சாரம் தருகிறது. ஒவ்வொரு கொட்டகைக்கும் இணைப்பு எண் இருக்கிறது, முகவரி இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை போய்க் காதைச் சோதிக்கட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலில் வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. காதையும் பார்ப்பது பெரிய காரியமா? கண் முகாம் நடக்காத ஊர் எங்கள் வட்டாரத்தில் இல்லை. காது முகாம் ஒன்றை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

தறிக்காரர்கள் மட்டும் இல்லை. எங்கள் ஊரைச் சுற்றிக் கல்லுக்குழியும் கிரஷரும் நிறைய. பக்கத்து வீட்டுப் பையன் அங்கே கம்ப்ரசர் அடிக்கிறான், வயது இருபத்து மூன்று. போன மாதம் கடைக்கு வந்தவன், "அண்ணா, ராத்திரி படுத்தா காதுக்குள்ள கொய்ங்குனு ஒண்ணு கேக்குதுங்க, காலைல போயிருது" என்றான். டப்பாவிலிருந்து ஒரு ஜோடி அடைப்பானை எடுத்து, விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து எப்படிச் செருகுவது என்று காட்டினேன். திங்கட்கிழமை மறுபடி வந்தான், கூட வேலை செய்கிறவனுக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று.