புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தீர்களா?

முதலியார்பேட்டைக்குப் புகைபோக்கி புதிதல்ல. இங்கே 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு மில், 2020-ல் மூடப்படும் வரை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பழைய ஆட்கள் இன்றும் அதை ரோடியர் மில் என்றுதான் சொல்வார்கள். கொதிகலன் வைத்த ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. குறித்த நாளில் நெருப்பை அணைப்பார்கள். புகை போகும் வழியைச் சுத்தம் செய்வார்கள். அதன் பிறகுதான் மறுபடி மூட்டுவார்கள்.

ஆலைக்குச் செய்த காரியத்தை நம் வீட்டு அடுப்புக்குச் செய்கிறோமா? வெள்ளையடிக்கிறோம். ஒட்டடை அடிக்கிறோம். பரண்மேல் கிடக்கும் பித்தளை அண்டாவைக்கூட இறக்கித் துலக்குகிறோம். புகைபோக்கிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு வந்துவிட்டதே!" என்பீர்கள். சரி. கொல்லைப்புறத்தில் வெந்நீர் போட விறகு அடுப்பு இருக்கிறதா, இல்லையா? காஸ் அடுப்புக்கு மேலே மின்சார சிம்னி மாட்டியிருக்கிறீர்களா, இல்லையா? அப்படியானால் இது உங்களுக்கும்தான்.

விறகு நன்றாக எரிந்தால் புகை குறைவு. ஈர விறகானால் புகை ஜாஸ்தி. அந்தப் புகை மேலே ஏறும்போது சூடு ஆறுகிறது. அதிலுள்ள கரியும், கீல் போன்ற பிசினும் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நாளாக நாளாக வழி குறுகுகிறது. போக வேண்டிய புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. கண் எரிகிறது. குழந்தை இருமுகிறது. "அடுப்பு சரியில்லை" என்று அடுப்பைத் திட்டுகிறோம்!

அதோடு போனால் பரவாயில்லை. அந்தப் பிசின் தீப்பிடிக்கும். கீழே எரியும் நெருப்பிலிருந்து ஒரு பொறி போதும். இன்னொரு அபாயம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைச் சாத்திய அறையில் அது தேங்கினால், தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

புகைபோக்கி வைத்த அடுப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒடிசாவில் நடந்த ஆராய்ச்சி சாட்சி. அங்கே ஏழைக் குடும்பங்களுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்புகள் கட்டித் தரப்பட்டன. எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார நிபுணரும் அவருடன் இருவரும், சுமார் 2,600 குடும்பங்களைக் கவனித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வருஷம், சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. நாலு வருஷம் ஆகியும் உடல்நலத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. காரணம் என்ன? பலர் அந்த அடுப்பை ஒழுங்காக உபயோகிக்கவில்லை. பழுது பார்த்துப் பராமரிக்கவும் இல்லை.

எப்போது சுத்தம் செய்வது? புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விறகு நனையும். அப்போதுதான் கரி அதிகமாகப் படியும். தினமும் விறகு எரிப்பவர்கள் போகிக்கு முன்னால் இன்னொரு முறையும் செய்ய வேண்டும். பல மாதம் மூட்டாத அடுப்பானாலும் மேலே பார்க்காமல் மூட்டக் கூடாது. அணில் கூடு கட்டியிருக்கலாம்.

அடுப்பு நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு குச்சியால் சுரண்டுங்கள். கரி 3 மில்லிமீட்டர் கனம் இருந்தால், அதாவது ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய அளவு இருந்தால், தாமதிக்கக் கூடாது. வைக்கோலைக் கொளுத்திக் கரியை எரித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வீடே எரியும்.

மின்சார சிம்னியில் கரிக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன் வடிகட்டியை வெந்நீரில் நீங்களே கழுவலாம். தாளிப்பும் பொரியலும் அதிகமான வீட்டில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் விசிறிக்கும் குழாய்க்கும் வருஷம் ஒரு முறை மெக்கானிக் வரட்டும். எண்ணெய் சொட்டினாலோ, சத்தம் கூடினாலோ வருஷம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

1954 வரை புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸில், புகைபோக்கியை வருஷந்தோறும் சுத்தம் செய்வது கட்டாயம். அதற்கென்றே தொழிலாளர்கள் உண்டு. வேலை முடிந்ததும் சான்று எழுதிக் கொடுப்பார்கள். நம் ஊரில் அப்படிப்பட்டவர் எளிதில் அகப்பட மாட்டார். கூரை வேலை தெரிந்த நல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்கள். கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பையனை மேலே ஏற்றாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சிறுவர்களைத்தான் உள்ளே இறக்கினார்கள். சிக்கிச் செத்தவர்கள் பலர். 1875-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஒழிந்தது.

அதற்கு 100 வருஷம் முன்பே, 1775-ல், லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் ஓர் உண்மையைக் கண்டு சொன்னார். புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்கு, அவர்கள் உடம்பில் படியும் கரியே காரணம் என்றார். ஆகவே உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் மூக்கையும் வாயையும் மூட ஒரு முகக்கவசம் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவர் குளித்துவிட்டுப் போக ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்து வையுங்கள்.