ஆள் குடியிருக்கையில் 'காலி வீடு' என்று பத்திரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் ஆள் குடியிருக்கும் வீடுகள் கைமாறும் விதம் வேதனை அளிக்கிறது. மாஸ்டர் பிளான் கட்டுப்பாடுகளால் மலையில் புதுக் கட்டடத்துக்கு எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே, தங்கும் விடுதி நடத்த நினைக்கும் வெளியூர்க்காரர்கள் பழைய வீடுகளைத் தேடி வாங்குகிறார்கள். அவற்றிலோ வாடகைக்கும் லீசுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, கிரயப் பத்திரத்தில் 'காலி சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். பதிவு செய்யாத வாடகை ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிலும் வராது.

குன்னூரில் எங்கள் தெருவில், தேயிலை ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் குடும்பத்தோடு லீசுக்கு இருந்தார். வீட்டை வாங்கியவர், "லீசுப் பணத்தைப் பழைய ஓனரிடம் கேளுங்கள், எனக்கு வீட்டைக் காலி செய்து கொடுங்கள்" என்றார். பழைய ஓனரோ போனை எடுக்கவில்லை. பணம் வராமல் எப்படிப் போவது என்று பெரியவர் கேட்டதும், ஜனவரிப் பனியில் மீட்டர் பெட்டியில் பீஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர்த் தொட்டியின் வால்வையும் அடைத்துப் பூட்டினார்கள். அக்கம்பக்கத்தார் குடத்தில் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, ஒருவர் குடியிருக்கும் சொத்தை வாங்குபவர், குடியிருப்பவரின் உரிமையை அறிந்தே வாங்கியதாகக் கொள்ளப்படும். குத்தகைக்கு விட்டவரின் இடத்துக்கு வாங்கியவர் வருகிறார். வீடு விற்கப்பட்டதாலேயே வாடகை உறவு அறுந்துபோவதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் மின்சாரம், குடிநீர் போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்கிறது. காலி செய்ய வைப்பதானாலும் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

நேர்மையாக வாங்குபவரும் இதில் பாதிக்கப்படுகிறார். சேமிப்பையெல்லாம் போட்டு, தான் குடியேற வாங்கிய வீட்டுக்காக அவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. மறைத்து விற்றவர் மட்டும் பணத்தோடு ஒதுங்கிக்கொள்கிறார்.

எனவே, வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்த அடிப்படையில், எவ்வளவு அட்வான்ஸ், அதைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்ற உறுதிமொழியைக் கிரயப் பத்திரத்தோடு பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும். மின்சாரமோ தண்ணீரோ துண்டிக்கப்பட்டதாகப் புகார் வந்தால், அந்த வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரி அன்றே இணைப்பு கிடைக்கச் செய்ய மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். குடியிருப்பவர்களும் வாய்ப்பேச்சை நம்பாமல் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ள வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி வெளியேற்றப் புதிய வாடகைச் சட்டத்தில் வழி இருக்கிறது.

வீட்டை விற்கவும் வாங்கவும் எவருக்கும் உரிமை உண்டு. உள்ளே இருப்பவரை இல்லாதவராகக் காட்டிப் பத்திரம் எழுத எவருக்கும் உரிமை இல்லை. அரசு உடனே தலையிட வேண்டும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகர்,
குன்னூர்.