கழற்றிய மல்ச்சிங் ஷீட்டை யாரும் வாங்காதது ஏன்?

தர்பூசணி, மிளகாய் அறுவடை முடிந்த வயல்களில் கிழிந்த மல்ச்சிங் ஷீட் வரப்போரம் குவிந்து கிடக்கிறது. சிலர் கொளுத்துகிறார்கள், சிலர் அப்படியே உழுதுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் கழிவை இயந்திரமே பிரிக்கும் காலத்தில் நம் ஷீட்டை மட்டும் யாரும் எடுப்பதில்லையே என்ற கேள்வி நியாயமானதுதான்.

அந்த இயந்திரம் கழிவின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கிறது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் பிளாக் அந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் ஷீட்டும் சொட்டுநீர் லேட்டரல் குழாயும் வழக்கமான இயந்திரங்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவற்றைப் பிரிக்கும் வேலை வயலிலேயே நடந்தாக வேண்டும்.

அடுத்த தடை மண். 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் கொண்ட புது ரோல் ஏறக்குறைய 11 கிலோதான். கழற்றும்போது ஒட்டிவரும் மண்ணுக்கும் சேர்த்து வியாபாரி விலை தரமாட்டார். ஆலையில் அது கத்தியை மழுக்கும், கழுவத் தண்ணீர் கேட்கும். எனவே மண் காய்ந்தபின், உழவுக்கு முன், முழு நீளமாக எடுத்து உதறிச் சுருட்டுங்கள். பிவிசி குழாய்த் துண்டு ஒன்றுகூட அதில் கலக்கக் கூடாது. உருக்கும் சூட்டில் அது அமிலப்புகை விட்டு இயந்திரத்தை அரிக்கும்.

விலை குறைவு என்று மெல்லிய ஷீட் வாங்குவதும் பிழை. அது துண்டு துண்டாகக் கிழிந்து மண்ணிலேயே தங்கும். சீனாவில் 8 மைக்ரான் ஷீட் நிலங்களைக் கெடுத்ததால், 2017-இல் வெளியான தரநிர்ணயம் குறைந்தபட்சத் தடிமனை 10 மைக்ரானாக உயர்த்தியது. அதுவும் போதாது என்பேன். 25 மைக்ரானுக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள்.

நம் நாட்டில் 2022-இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் பேக்கேஜிங் பிளாஸ்டிக்குக்கானவை. உர மூட்டை அதில் வரும். மல்ச்சிங் ஷீட் வராது. மானியம் கொடுக்கும்போதே பழைய ஷீட்டைத் திரும்பப் பெறும் நிபந்தனையையும் நிறுவனங்களுக்கு விதித்திருக்கலாம்.

அதுவரை, ஓர் ஏக்கர் ஷீட்டுக்கு வண்டி வாடகை கட்டாது. உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பேசி, ஊர் முழுக்கச் சேர்த்து ஒரே லோடாக அனுப்புங்கள். ஏற்றும் முன் மறுசுழற்சி ஆலைக்குச் சிறு சுருளை மாதிரியாகக் காட்டி விலை பேசிக்கொள்வது நல்லது.