வரிச் சீட்டில் ஒரு பாஷை

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே லானெல்லி என்ற ஊரின் பக்கத்தில், லாங்கெனெக் என்னும் கிராமத்தில், ட்ரெவர் பீஸ்லி என்ற சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவி எய்லீனும் குடியிருந்தார்கள். 1952-ல் கிராம ஜில்லா சபையிலிருந்து வீட்டு வரிச் சீட்டு வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. “எங்கள் பாஷையில் சீட்டு அனுப்புங்கள், வரி கட்டுகிறோம்” என்று தம்பதிகள் பதில் எழுதினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சபையின் அங்கத்தினர்களிலும் உத்தியோகஸ்தர்களிலும் பெரும்பாலோர் வீட்டில் வேல்ஷ் பேசுகிறவர்களே. ஆயினும் ஆபீஸ் என்றால் ஆங்கிலந்தான் என்பது அவர்களுடைய சித்தாந்தம். கேஸ் பலமுறை கோர்ட்டுக்குப் போயிற்று. அமீனாக்கள் வந்து வீட்டுச் சாமான்களைத் தூக்கிப் போனார்கள்; பியானோவும் போயிற்று, தரை விரிப்பும் போயிற்று. எட்டு வருஷங்கள் கழித்து, 1960-ல், இரண்டு பாஷையிலும் அச்சிட்ட சீட்டு வந்தது. வரியும் கட்டப்பட்டது.

கேவலம் ஒரு துண்டுக் காகிதத்துக்காகவா இத்தனை என்று நேயர்கள் கேட்கலாம். ஆனால் சாமானிய மனிதன் சர்க்காரை எங்கே காண்கிறான்? சட்டசபையில் அல்ல. வரிச் சீட்டிலும், குழாய் மனுவிலும், பிறப்புச் சான்றிதழிலும் அல்லவா காண்கிறான்!

நம் சேலத்துக்கு இந்த விஷயத்தில் பழைய உரிமை ஒன்று உண்டு. 1916-ல் அவ்வூரில் வக்கீலாயிருந்த ராஜாஜி, வேங்கடசுப்பையருடன் சேர்ந்து, தமிழில் சாஸ்திர பரிபாஷைகளை உண்டாக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார். ரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழில் சொல் இல்லை என்று பண்டிதர்களே கை விரித்திருந்த காலம் அது. சங்கத்தின் பத்திரிகை மட்டும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழுக்குச் சொல் தேடும் காரியத்தைக்கூட ஆங்கிலத்தில் சொன்னால்தான் படித்தவர்கள் காது கொடுப்பார்கள் என்பது அந்நாளைய நிலைமை. அடுத்த வருஷமே ராஜாஜி சேலம் முனிசிபாலிடியின் சேர்மன் ஆனார். 1919 வரை அப்பதவியில் இருந்தார். பிற்காலத்தில் ‘தமிழில் முடியுமா?’ என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ரசாயனப் பாடம் எழுதினார். அதே மனிதர் 1938-ல் பள்ளிக்கூடங்களில் ஹிந்தியைக் கட்டாயமாக்கி வசை வாங்கிக்கொண்டது வேறு கதை. அதை இங்கே விரித்தால் பத்தி கொள்ளாது.

முனிசிபல் ஆபீஸுக்குள் தமிழைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் கீ. இராமலிங்கனார். நகராட்சி ஆணையராய் இருந்துகொண்டே, குமாஸ்தா மேஜையில் அன்றாடம் புழங்கும் சொற்களுக்கெல்லாம் தமிழ் ஆக்கித் தந்தவர். ‘ஆட்சிச் சொல் காவலர்’ என்று அவரை அழைத்தார்கள். 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. மறு வருஷமே ஆட்சிச் சொல் அகராதி வெளிவந்தது. 1971-ல் தமிழ் வளர்ச்சிக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. கமிஷனர் ஆணையரானார், கலெக்டர் ஆட்சியரானார், பைல் கோப்பாயிற்று. தாசில்தார் பலகையில் வட்டாட்சியர் ஆனாலும், ஜனங்கள் வாயில் இன்னும் தாசில்தாராகவே இருக்கிறார். நாமக்கல் தந்த ராமலிங்கம் பிள்ளையின் பெயரைச் சென்னைக் கோட்டையில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று தாங்கி நிற்கிறது. அதற்குள் போய் வரும் கோப்புகளில் தமிழ் இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் குறை என்ன? இருக்கிறது. சேலத்தில் வீட்டு வரி கட்டும் ஒருவர் 2022-ல் ‘பொதுச் சீராய்வு’ என்ற சொல்லைக் கண்டார். சீராய்வு என்றால் ஏதோ சீர் செய்கிறார்கள், சாக்கடையையாவது பழுது பார்ப்பார்கள் என்று எண்ணினால் அது அவர் தவறா? வரி உயர்ந்தது என்பதே அதன் பொருள். ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று தொடங்கி, ‘இதன்மூலம் தெரிவிக்கலாகிறது’ என்று முடியும் வாக்கியத்தில் யார் யாருக்கு என்ன தெரிவிக்கிறார் என்று அறிய, பழைய நாளில் ஆங்கிலக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப் போனதுபோல, இன்றும் யாரையாவது தேடிப் போக வேண்டியிருக்கிறது. ‘குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற மிரட்டல் மட்டும் குழந்தைக்கும் புரியும் தமிழில் இருக்கிறது! பயமுறுத்துவதற்கு எளிய நடை வருகிறதென்றால் விளக்குவதற்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி நெய்யும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுவோர் பலர். தமிழ் அவர்களுக்குக் கடைவீதியிலும் பள்ளிக்கூடத்திலும் கற்ற பாஷை. பேசும் தமிழை ஒட்டி எழுதினால் அவர்கள் தாமே படித்துக்கொள்வார்கள். அகராதித் தமிழில் எழுதினால் அவர்களுக்கு அது இன்னொரு ஆங்கிலந்தான்.

பொறியியல் பிரிவின் நிலைமை வேறு. அங்கே எஸ்டிமேட்டும் டெண்டர் பத்திரமும் பெரும்பாலும் இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தெருவில் எத்தனை அங்குலம் ஜல்லி கொட்ட ஒப்பந்தம் என்பதைத் தெருக்காரர்கள் படித்தறிய முடியாமலிருப்பது சிலருக்கு மிகவும் சௌகரியம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

வேல்ஸில் 2021 ஜனக் கணக்குப்படி தாய்ப் பாஷை அறிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. அப்படியிருந்தும் க்வினெத் என்ற பிரதேசத்துச் சபை தன் உள் வேலைகளையெல்லாம் வேல்ஷ் பாஷையிலேயே நடத்துகிறது. நமக்குப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, சட்டத்துக்கும் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்ட வாரம் கொண்டாடி, ஊழியர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், சேலத்திலும் நாமக்கல்லிலும், வரிப் பிரிவு அச்சிடும் நோட்டீஸ்களை எடுத்து, வரி கட்ட வரிசையில் நிற்கும் நாலு பேரிடம் உரக்கப் படித்துக் காட்டட்டும். எந்த வாக்கியத்தில் அவர்கள் “என்ன சாமி சொல்றீங்க?” என்று கேட்கிறார்களோ, அந்த வாக்கியத்தை அங்கேயே அடித்து எழுதட்டும். அரையாண்டுக்கு ஒரு முறை வருகிற சீட்டுத்தானே. அடுத்த அச்சுக்குள் முடித்துவிடலாம்.