ஏழடி ராடும் ஒரு பை மணலும்

தை மாதத்து மூன்றாவது ஞாயிறு. மானாம்பதி ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. மதகுப் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்த மூலையில் என் அண்ணன் மகன் ரப்பர் தவளையை வீசினான். ஓர் இலையில் ஏறி, இறங்கி, அடுத்த இலைக்குத் தாவுகிற நேரத்தில் தண்ணீர் ‘டபக்’கென்று பிளந்தது. விரால். பையன் நன்றாகத்தான் சொடுக்கினான். ராடு பிடி வரைக்கும் வில்லாக வளைந்ததே தவிர முள் ஏறவில்லை. ஒரு நொடி கழித்து நரம்பு தொய்ந்தது. தவளை மட்டும் மேலே மிதந்து வந்தது.

கல்லூரி விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் அவன் வாங்கிய ராடு அது. ஏழடி நீளம். தண்டின் மேல் ‘மீடியம் ஹெவி, ஃபாஸ்ட்’ என்று அச்சடித்திருந்தது. என் கையில் இருந்ததும் ஏழடிதான், வேறு கம்பெனி. அதிலும் அதே சொற்கள்தான். போன வருஷம் இதே மூலையில் அதை வைத்து இரண்டு விரால் ஏற்றியிருக்கிறேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே சித்தப்பா, எனக்கு மட்டும் ஏன் மாட்டல?” என்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் முகம் வாடியே இருந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

தூண்டில்காரர்கள் இன்று சகஜமாகச் சொல்லும் இரண்டு சொற்கள் பவர், ஆக்‌ஷன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை போலப் பேசுகிறோம். ஆனால் அவை வேறு வேறு. வளையங்கள் கட்டாத, பிடி போடாத வெறும் தண்டை ராடு கட்டுகிறவர்கள் பிளாங்க் என்பார்கள். அந்தத் தண்டை வளைக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது பவர். வளையும்போது எந்த இடம் வளைகிறது என்பது ஆக்‌ஷன். வளைவு நுனியோடு நின்றுவிட்டால் ஃபாஸ்ட், பாதித் தண்டு வரை இறங்கினால் மாடரேட், பிடி வரை வந்தால் ஸ்லோ. வலுவான தண்டு ஸ்லோவாக இருக்கலாம், மெல்லிய தண்டு ஃபாஸ்டாக இருக்கலாம். ‘ஹெவி’ என்று கேட்டவருக்கு ‘ஃபாஸ்ட்’ ஒன்றை எடுத்துக் கொடுத்து இரண்டும் ஒன்றே என்று சொல்லும் கடைக்காரரை நானே பார்த்திருக்கிறேன்.

விராலுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? தவளை லூரில் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், பாசியில் சிக்காமல் வரட்டும் என்று. மீன் கவ்வி ரப்பர் அமுங்கினால்தான் முனை வெளியே வரும். வந்த முனை விராலின் எலும்பு வாயில் ஏற வேண்டும். ஏறிய கையோடு மீனைத் தாமரை வேருக்குள் புக விடாமல் இழுத்துவிட வேண்டும். நாம் சொடுக்குகிற வேகத்தை நடுத்தண்டே வாங்கிக்கொண்டால் முள்ளுக்கு என்ன மிச்சம் போகும்? அண்ணன் மகன் ராட்டில் நடந்தது அதுதான்.

கெண்டைக்கு இது அப்படியே தலைகீழ். அதன் உதடு மெத்து மெத்தென்று இருக்கும். விறைத்த ராட்டில் வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். பழைய தங்கூஸ் நரம்பு கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். இப்போது எல்லாரும் போடும் பின்னல் நரம்பு அநேகமாக இழுபடாது. அப்போது விட்டுக்கொடுக்கிற வேலை முழுக்க ராட்டின் தலையில் விழுகிறது.

எங்கள் தெருவில் தூண்டில் கோல் கட்டிக் கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். இப்போது இல்லை. பவர், ஆக்‌ஷன் என்றெல்லாம் அவருக்குப் பேர் தெரியாது. கல்மூங்கிலில் இளசைத் தொட மாட்டார். முற்றியதாகப் பார்த்து வெட்டி, நிழலில் காயப் போட்டு, கோணல் இருக்கும் கணுவை மட்டும் தணலில் வாட்டி முழங்காலில் வைத்து நிமிர்த்துவார். மேல்தோலைச் சீவ விடவே மாட்டார். “தோலுலதாண்டா உசுரு” என்பார். அது முழு உண்மை. மூங்கிலின் வலுவான நார்கள் நெருக்கமாக அமைந்திருப்பது வெளிப்புறத்தில்தான். கடைசியில் கோலின் அடியைப் பிடித்து ஒரே ஓர் உதறு. நுனி எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று கண் இமைக்காமல் பார்ப்பார். “நுனியில கொசு குந்தினா கைக்குத் தெரியணும். அடியில வெறா தொங்கினா தாங்கணும்” என்று சொல்லித்தான் கொடுப்பார். முதல் வாக்கியம் ஆக்‌ஷன், இரண்டாவது பவர். இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

அந்தக் கல்மூங்கிலுக்கு ஒரு பெரிய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறிய இந்திய மூங்கில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ‘கல்கத்தா கேன்’ என்ற பெயரில் விற்றது. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்தில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கி செய்கிறவர் 1840களில் மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து, தோல்ப்பக்கம் வெளியே வரும்படி ஒட்டி ராடு செய்தார். பிறகு ஆறு பட்டை ஒட்டும் முறை நிலைபெற்றது. பிளந்து ஒட்டுவதில் ஒரு பெரிய லாபம், எந்த இடம் எவ்வளவு பருமன் என்பதைச் செய்கிறவரே தீர்மானிக்கலாம். காட்டு மூங்கில் தானாகக் கொடுத்த வளைவு போய், கேட்ட வளைவு கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் சீனாவின் டோன்கின் மூங்கில் நம் மூங்கிலின் இடத்தைப் பிடித்தது. 1950இல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டதும் அதுவும் போய், கண்ணாடி இழை மேலே வந்தது. 1970களில் கார்பன். இங்கே நம் மண்ணில் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இலேயே இந்திய மீன்பிடிப்பு பற்றித் தனிப் புத்தகம் எழுதி, பின்னால் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்றும் எழுதினார். கல்மூங்கில் அன்றும் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதைக் கோலாகக் கட்டத் தெரிந்த கைகள்தான் குறைந்துவிட்டன. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

சரி, பையன் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் வில்லியம் ஹனமன் என்பவர் 2000களின் தொடக்கத்தில் ஓர் எளிய வழி சொன்னார். தண்டைத் தரைக்கு இணையாக இறுக்கிக் கட்டு, நுனியில் ஒரு பை தொங்கவிடு, தண்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி இறங்கும் வரை பையில் எடை சேர். சேர்த்த எடை பவர். அப்போது நுனி எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பது ஆக்‌ஷன். 59க்குக் கீழே ஸ்லோ, 66க்கு மேலே ஃபாஸ்ட். எடைக்கு அவர் எடுத்துக்கொண்டது 2.5 கிராம் எடையுள்ள அமெரிக்க ஒரு சென்ட் காசு. அங்கே எல்லார் வீட்டிலும் கிடைக்கும். நம் ஒரு ரூபாய்க் காசு வெளியான வருஷத்துக்கு ஏற்ப எடை மாறுவதால் நான் ஆற்று மணல் எடுத்துக்கொண்டேன்.

திண்ணையில் மர பெஞ்சைப் போட்டு ராட்டின் பிடியைக் கயிற்றால் வரிந்து கட்டினோம். ஏழடி என்றால் 84 அங்குலம். 28 அங்குலம் இறங்க வேண்டும். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். பாலிதீன் பையில் கரண்டி கரண்டியாக மணல். என் ராடு கோட்டைத் தொட்டதும் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 640 கிராம். பையன் ராட்டுக்கு 390. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி எடுத்துச் சாய்வைப் பார்த்தோம். என்னுடையது ஏறக்குறைய 70, அவனுடையது 58. மேலே எழுதியிருப்பது ஒரே சொல். ஒன்று விராலுக்கு ஆகும். இன்னொன்று, அச்சடித்தது என்னவாக இருந்தாலும், லைட்டை ஒட்டிய ஸ்லோ ராடு.

கண்ணுக்கு இரண்டும் ஒரே தடிமனாகத்தான் தெரியும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரே பொருளால் ஆன உருண்டைத் தண்டில் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். இரட்டித்தால் 16 மடங்கு. நீளம் இரட்டித்தால் அதே எடைக்கு எட்டு மடங்கு வளையும். விரலால் தடவிப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தொங்கவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ராட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அதே ராட்டில் மண்புழு கோத்து, மயிலிறகுத் தண்டுத் தக்கை போட்டு ஜிலேபிக்கு உட்கார்ந்தான். ஒன்றுகூட உதடு கிழியாமல் ஏழு வந்தது. மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எப்போதும் கரையில் இறங்குவோம். அவரும் பார்த்துவிட்டு, “நல்ல கோலுப்பா” என்றார். நல்ல கோல்தான். பொய்யான பெயரில் விற்ற கோல்.

எங்கள் தாலுகா உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளின்படி ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது, பொன்னின் தரத்துக்குப் பொன் வாரியம் இருந்தது. பொன்னைச் சோதித்துத்தான் வாங்கினார்கள். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தண்டு வாங்குகிறவனுக்கு ‘மீடியம் ஹெவி’ என்ற வாய்வார்த்தைதான் உத்தரவாதம் என்றால் அது நியாயமே இல்லை. ராடு செய்கிறவர்கள் பிடிக்கு மேலே இரண்டே இரண்டு எண் அச்சடிக்கட்டும், எத்தனை கிராம், எத்தனை டிகிரி என்று. அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவாகாது.

அது வரும் வரைக்கும், ராடு வாங்கப் போகும் தம்பிகளே, பையில் அரைக் கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றும் டேப் ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏழடி ராட்டில் அதைத் தொங்கவிட்டு நுனி 28 அங்குலத்துக்கும் கீழே போனால், மேலே என்ன எழுதியிருந்தாலும் அதை விராலுக்கு வாங்காதீர்கள். தொங்கவிட்டுப் பார்க்க விடாத கடையில் எதையுமே வாங்காதீர்கள்.