எட்டு வருடம் கழித்து வந்த தங்கம்



பெறுபேறு வந்த அன்றைக்கே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இவன் இனி சரிவரமாட்டான் சேர்" என்று சொல்லும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

இத்தாலியின் பொம்பெய் ஊரைச் சேர்ந்தவர் அகொஸ்தினோ அப்பன்யாலே. துடுப்புப் படகோட்ட வீரர். அவருடைய நானாமார் இருவரும், ஜுசெப்பேயும் கார்மினேயும், அதே விளையாட்டில் 1984லும் 1988லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். ஏழு தடவை உலகச் சம்பியன்கள். அப்படியொரு வீட்டில் தம்பியாகப் பிறப்பதே ஒரு சோதனைதான். ஆனால் 1988 சியோல் ஒலிம்பிக்கில் நால்வர் படகில் தம்பியும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 22.

அதற்குப் பிறகுதான் சோதனை வந்தது. இரத்த ஓட்டம் சம்பந்தமான நோயால் சில வருடங்கள் படகை விட்டே விலக வேண்டியதாயிற்று. 1992 பார்சிலோனாவில் நானாமார் வெள்ளி வென்றார்கள். தம்பி அங்கு போட்டியிடவேயில்லை. "அவரது காலம் முடிந்தது" என்று சொல்ல யாருக்கும் அப்போது காரணம் இருந்தது.

1996 அட்லாண்டாவில் அவர் திரும்பி வந்தார். இருவர் படகில் அவரோடு துடுப்புப் போட்டவர் தாவிதே திட்சானோ. சியோலில் அதே நால்வர் படகில் இருந்த பழைய தோழர். இருவரும் தங்கம் வென்றார்கள். 2000 சிட்னியில், 34 வயதில், மீண்டும் நால்வர் படகில் மூன்றாவது தங்கம். போட்டியிட்டது மூன்று ஒலிம்பிக்கில், வென்றது மூன்று தங்கம்.

நம்மில் பலர் அந்த மூன்று தங்கத்தைத்தான் எண்ணுவோம். ஆசிரியனான நான் எண்ணுவது நடுவிலிருந்த எட்டு வருடங்களை. அந்த இடைவெளியில் அவர் பெயரை வெட்டியிருந்தால், இத்தாலி இழந்திருக்கக்கூடியது இரண்டு தங்கம்.

நோயால் ஒரு தவணை வராத பிள்ளை, முதல் தடவை சாதாரண தரத்தில் தவறிய பிள்ளை, குடும்பக் கஷ்டத்தால் இடையில் நின்ற பிள்ளை, எல்லோர் பெயரையும் நாம் மிக அவசரமாக வெட்டிவிடுகிறோம். வகுப்பில் பின்வாங்கில் இருப்பவனை இனி கணக்கில் எடுப்பதேயில்லை. எல்லோரும் திரும்பி வந்து ஜெயிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வருகிறவனுக்குப் படகில் ஓர் இடம் இருக்க வேண்டும். திட்சானோ போல பக்கத்தில் உட்கார ஒருவரும் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.